உறைந்த குளமும் என் அகதி விண்ணப்பமும்

போன மாதம் கெமைண்டேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கெமைண்டே என்றால் எங்கள் ஊராட்சி அலுவலகம். பாடன் நகரத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் தள்ளியிருக்கிற இந்தச் சின்ன ஊரில் பிறப்பு, இறப்பு, குப்பைப் பை, நாய் வரி எல்லாம் அவர்கள் கையில்தான். சுவிஸ் குடியுரிமை கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்கு நேர்முகம் வைத்திருக்கிறோம், இந்த ஊரின் வரலாறு, புவியியல் பற்றிய கேள்விகளுக்கு ஆயத்தமாக வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை வாசித்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நேர்முகத்துக்குப் போனேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஊருக்குள் ஓடும் ஓடையின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். எல்லை ஊர்களைக் கேட்டார்கள், சொன்னேன். தேவாலயம் எரிந்து திரும்பக் கட்டிய கதையைக் கேட்டார்கள், அதையும் சொன்னேன். மனைவி இரண்டு கிழமை என்னை இருத்திப் பாடமாக்க வைத்திருந்தாள். ஒரு கிழவர் தனக்கே இவ்வளவு தெரியாது என்று சிரித்தார். எல்லாரும் கை தந்தார்கள். பாஸ். பிறகு ஒரு தட்டில் பாண் ரொட்டி வெட்டி நீட்டினார்கள். அந்தப் பாணில் கியூமல் போட்டிருந்தது. பார்க்க எங்கள் சீரகம் மாதிரி இருக்கும், வாசம் வேறு. ஒரு துண்டு வாயில் வைத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லீவு நாட்களில் லிம்மாட் ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடக்கிறேன். கடைசியில் இதை எழுதித் தொலைத்தால் நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கியூமல் என்றால் எனக்கு ஹெலெனா. ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு பிடி வைத்திருந்து மென்றுகொண்டே இருப்பாள். பாடனில் வெந்நீர்க் குளியல் உள்ள ஒரு ஹோட்டலின் சமையலறையில் அவள் சலாட் பகுதி, நான் கோப்பை கழுவுபவன். அந்த ஊரின் வெந்நீரில் கந்தகம் இருக்கிறது. வந்திறங்கிய முதல் நாள் யாரோ ஒரு கூடை முட்டையை அழுகவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நாற்றத்தில் இறங்கிக் குளிக்கத்தான் ஜெர்மனியிலிருந்தெல்லாம் பணக்காரக் கிழவர்கள் வருகிறார்கள் என்று. அவர்கள் தின்ற தட்டுகளை நான் கழுவினேன். மெஷினைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவியில் என் கண்ணாடி எப்போதும் மங்கியிருக்கும். பாதி உலகத்தை நான் அப்போது பார்க்கவேயில்லை.

அங்கே இன்னொரு தமிழர் இருந்தார், குணம் அண்ணை. அவர் எனக்கு முதலே வந்தவர், என் அறைக்காரர். கொஞ்சம் ஜெர்மன் வாசிப்பார். அவர்தான் ஹெலெனாவுக்கு ‘செக் அக்கா’ என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் ‘அக்கா’ மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அது சமையலறைப் பதவி என்று நினைப்பு. புதிதாக வந்த ஒரு போர்த்துகீசியப் பெடியன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, தன்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், இரண்டு வருடமாகத் தான் அக்கா என்று கண்டித்தாள்.

பகல் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு. பின்கதவுக்கு வெளியே பியர்ப் பெட்டிகளைக் கவிழ்த்து உட்காருவோம். ஹெலெனா தன் ஊரைப் பற்றிக் கதைப்பாள். வேறு எதுவும் கதைக்க மாட்டாள். ரஷ்ய டாங்கிகள் பிராகுக்குள் வந்த வருடம் அவள் இருபது வயதில் இந்தப் பக்கம் வந்தவள். அவளுடைய ஊரின் பெயர் ஸ்தாரா லௌகா. பழைய புல்வெளி என்று அர்த்தமாம். நாட்டின் வடக்கே, கூம்பு மாதிரி ஒரு கறுப்புக் கல்மலையின் அடியில், பள்ளத்தாக்குக்குள் முப்பத்தொரு வீடுகள். மலையிலிருந்து ஓடை இறங்கி மாவரைக்கும் ஆலையைச் சுற்றிக்கொண்டு குளத்தில் விழும். குளத்தின் இந்தக் கரையில் தேவாலயம், அந்தக் கரையில் சாராயக் கடை. பாதிரியாரும் கடைக்காரரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ ஸ்வீடன் படை வந்து ஊரை எரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நட்ட பிளம் மரங்கள் அவள் காலத்திலும் காய்த்தனவாம். கொல்லன் பட்டறை எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் படியில் மழைக்கு வழுக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு அலுப்புத்தான் தந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அவளோடு உட்கார்ந்ததற்குக் காரணம் ஜெர்மன். ஒரு தேவாலய மண்டபத்தில் அகதிகளுக்கு இலவச வகுப்பு நடந்தது, போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் ‘என் ஊர்’ என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். ஹெலெனாவிடம் உதவி கேட்டேன். அடுத்த நாள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தாள். நீல மட்டை, மூலைகள் உருண்டிருந்தன. அவள் சுவிஸுக்கு வந்த வருடம் அவளுடைய ஜெர்மன் வகுப்பிலும் இதே தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரு பக்கம் எழுத, இவள் கொப்பி முழுவதும் எழுதியிருக்கிறாள். நடுவில் மடித்து ஒட்டிய ஒரு வரைபடம். முப்பத்தொரு வீடும் கலர் பென்சிலில், ஒவ்வொன்றிலும் இருந்தவர்களின் பெயரோடு. கடைசிப் பக்கத்தில் ஆசிரியையின் சிவப்பு மை, பள்ளி முத்திரை, தேதி.

நான் என்ன செய்தேன் என்றால், முதல் இரண்டு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதினேன். வகுப்பு ஆசிரியைக்கு இலங்கை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வினைச்சொல் சரியான இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரி போட்டார். பிறகு அதைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த முறை அதுதானே. அர்த்தம் பிறகு வரும், முதலில் பாடமாக்கு. தட்டுக் கழுவும்போதும் ட்ராம் வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்: என் ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலையிலிருந்து ஓர் ஓடை வருகிறது. ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும்.

இதற்கு நடுவில் எனக்கும் ஹெலெனாவுக்கும் சண்டை வந்தது. சண்டையைத் தொடக்கியது நான். ஒரு நாள் அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அவள் பிறக்கும் முன், யுத்தம் முடிந்ததும், அந்த ஊரில் இருந்த ஜெர்மன்காரர் எல்லாரையும் கலைத்துவிட்டார்கள். வெறுமையான வீடுகளில் நாட்டின் உட்பக்கத்திலிருந்து செக் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அவள் தாய் தகப்பன் கதவைத் திறந்து உள்ளே போனபோது அலுமாரியில் தட்டுகள் அடுக்கியபடி இருந்தனவாம். அந்தத் தட்டில்தான் அவள் சாப்பிட்டு வளர்ந்தாள். நான் யோசிக்காமல் சொன்னேன், அப்படியென்றால் அது உன் ஊர் இல்லை, அந்த ஜெர்மன்காரரின் ஊர் என்று. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தட்டு வேண்டுமென்றால் குணம் அண்ணையிடம் கேட்பாள், அவர் இரண்டடி தள்ளி நிற்கும் என்னிடம் கேட்பார்.

அந்த ஊர் அப்போது இல்லை என்பதை குணம் அண்ணைதான் பிறகு எனக்குச் சொன்னார். நிலத்துக்குக் கீழே நிலக்கரி இருந்திருக்கிறது. அவள் வெளியே வந்து சில வருடத்தில் சனத்தை எழுப்பி, தேவாலயத்தை வெடிவைத்து விழுத்தி, ஊர் முழுவதையும் தோண்டிவிட்டார்கள். திரும்பிப் போக முடியாத அவள் இங்கே இருந்து ஒரு கடிதத்தில் அதை அறிந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு அதெல்லாம் வராது, இந்த வயதிலும் சுலபமாக வருவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அகதி விண்ணப்பத்துக்கு இரண்டாவது விசாரணை வந்தது. போய்ப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் சுகமில்லாமல் வரவில்லை. இன்னொரு நாள் வருகிறீர்களா, அல்லது ஜெர்மனில் சமாளிப்பீர்களா என்று அதிகாரி கேட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். எனக்குத் தலைக்கனம். வகுப்பில் சரி வாங்கியவன் அல்லவா? முடியும் என்றேன்.

உங்கள் ஊரை விவரியுங்கள் என்றார். அது அவர்கள் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. சொல்கிற இடத்திலிருந்துதான் வந்தாயா என்று பார்க்க. எங்கள் ஊரை எனக்குத் தெரியாதா? ஆனால் தமிழில்தான் தெரியும். பனங்காணிக்கும் கிடுகு வேலிக்கும் ஒழுங்கைக்கும் ஜெர்மனில் என்ன சொல்வது? ஊரின் பெயரையும் கோயிலையும் சொல்லிவிட்டு நின்றேன். அவர் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று உதவிக்குக் கேட்டார். குளம் என்று தொடங்கினேன். அவ்வளவுதான். குளம் ஓடையை இழுத்தது, ஓடை மலையை இழுத்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்த மனமும் இல்லை. இலக்கணம் அப்படி வழுக்கிக்கொண்டு போனது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து குணம் அண்ணைக்கும் சேர்த்து ஒரு முழுக் கோழி வாங்கிக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷம்.

சில மாதத்தில் பதிவுத் தபால் வந்தது. குணம் அண்ணை கட்டிலில் இருந்து வாசித்தார். முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு கடிதத்தை முகத்தில் மூடிக்கொண்டு சிரித்தார்.

“எடேய், யாழ்ப்பாணத்தில எங்கயடா மலை?”

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன்.

“ஓடை எங்கயடா? ஆறே இல்லாத இடத்தில நீ ஓடை விட்டிருக்கிறாய். இதைக் கேள். மாரிகாலத்தில குளம் உறையுமாம், பிள்ளையள் அதுக்கு மேல நடந்து பள்ளிக்கூடம் போகுதுகளாம்.”

நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவர் அடுத்த பந்தியை வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. விண்ணப்பதாரர் தன் பிறப்பிடம் பற்றி உண்மைக்குப் புறம்பாகக் கூறியிருப்பதால் அவருடைய மற்றக் கூற்றுகளையும் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், இல்லாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

“உன்னை அனுப்பப் போறாங்களடா” என்றார் குணம் அண்ணை.

அப்போது திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் விவரிக்க விரும்பவில்லை.

இலவசச் சட்ட ஆலோசனை தரும் ஓர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் வழக்கறிஞர் சிரிக்கவில்லை. அந்த விவரணை வேறொருவருடைய கட்டுரை, வகுப்புக்காக மனப்பாடம் செய்தது என்று நிரூபிக்க முடிந்தால் வழி உண்டு என்றார். மூலக் கொப்பி வேண்டும், முத்திரையோடு, தேதியோடு. போட்டோ கொப்பி போதாது. நானே எழுதிவிட்டுப் பழையது என்று காட்டுகிறேன் என்பார்களாம்.

ஆக, கதைக்காத ஹெலெனாவிடம் போய், உன் ஊர் உன் ஊரே இல்லை என்று சொன்ன வாயால், அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒரே பொருளைத் தா என்று கேட்க வேண்டும்.

அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. அவள் கதைத்தது உடைந்த ஜெர்மன், என் மண்டைக்குள் இருப்பது எங்கள் தமிழில்தான்.

“என்ர ஊரைக் களவெடுத்தனி.”

“ஓம் அக்கா.”

“களவெடுத்தாலும் ஒழுங்கா எடுக்கத் தெரியாதோ? உங்கட நாட்டில குளம் உறையுமோ, விசரா?”

பிறகு கத்தியைத் துடைத்து வைத்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள், “திருப்பித் தருவினமோ?”

தருவார்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும்? அந்த நேரம் நிலாவைத் தருவார்கள் என்றும் சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமை அவள் ஒரு நாள் லீவு போட்டு என்னோடு வந்தாள். தேவாலயத்துக்குப் போகிற கோட்டும் தொப்பியும். வழக்கறிஞரின் அறையில் கொப்பியை மடியில் வைத்து, வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்து, பழைய மடிப்பின்படியே மடித்துக் கொடுத்தாள். இது என் ஊர், இந்தப் பெடியனுடையது இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ‘என் ஊர்’ என்பதன் கீழே ஒரு கோடும் இழுத்தாள். அந்தக் கோடு எனக்காக. பக்கங்களை அவர்கள் மெஷினில் போட்டோ கொப்பி எடுத்தார்கள். வரைபடம் மட்டும் ஒரே கறுப்பாக விழுந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு, மேல்முறையீடு வென்றது. எனக்கு விசா கிடைத்தது. மேல்முறையீட்டோடு போன கொப்பி திரும்பி வரவில்லை.

இனிச் சொல்லப்போவதை மனைவிக்கும் நான் சொன்னதில்லை. ஹெலெனா சில மாதத்துக்கு ஒருதரம் கேட்பாள், வந்ததோ என்று. எழுதியிருக்கிறேன் அக்கா, பதில் இல்லை என்பேன். நான் எழுதவேயில்லை. கொப்பியைக் கேட்டால் என் கோப்பைத் திறப்பார்கள். திறந்தால் யாராவது உட்கார்ந்து திரும்ப வாசிப்பார்கள். வாசித்தால் மனம் மாறினாலும் மாறும். இது மடைத்தனமான பயம் என்று இன்றைக்குச் சொல்லலாம். வருடாவருடம் விசா புதுப்பித்துக்கொண்டு இருந்தவனுக்கு அது மடைத்தனம் இல்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிரந்தர விசா கிடைத்த பிறகுதான் துணிந்து எழுதினேன். தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு பொருள் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஆலோசனை நிலையத்துக்கு ஓடினேன். அது மூடி வருடங்கள் ஆகியிருந்தன, அந்த இடத்தில் தலைமுடி வெட்டுகிறார்கள். ஹோட்டலும் போயிற்று. உள்ளே இடித்து மாடிக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். நாங்கள் பியர்ப் பெட்டி போட்டு உட்கார்ந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். குணம் அண்ணை கனடாவுக்குப் போய் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

ஹெலெனா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தாள். கடைசி வரை மாதம் ஒருதரம் போய்ப் பார்த்தேன். அதற்கு எனக்குப் பாராட்டு வேண்டாம். ஏன் போனேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

செத்த வீடு முடிந்து சில மாதத்தில் அவளுடைய பெறாமகள், கூடப் பிறந்தவளின் மகள், செக் நாட்டிலிருந்து என்னைத் தேடி வந்தாள். நாற்பது வயதிருக்கும், நல்ல ஜெர்மன். நிலக்கரி எடுத்து முடிந்து அந்தக் குழியில் தண்ணீர் விட்டு ஏரியாக்கிவிட்டார்களாம். சனம் நீந்துகிறது, ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த ஊரின் படத்தோடு கரையில் ஒரு பலகை வைக்கப்போகிறார்கள். ஊரின் கொப்பி பாடனில் ஒரு தமிழரிடம் பத்திரமாக இருக்கிறது என்று சித்தி எப்போதும் சொல்வாளாம்.

பத்திரமாக. எழுதியிருக்கிறேன் என்ற என் பொய்யை ஹெலெனா நம்பினாளா, தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொப்பி இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. அவள் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, அப்படியென்றால் கீறுங்கள் என்றாள்.

கீறினேன். கை தானாகப் போனது. மலை, ஓடை, ஆலை, குளம், இரண்டு கரை, முப்பத்தொரு வீடு. பெயர்களும் வந்தன, பாதிக்கு மேல். தேநீர் ஆறிப்போனது. அவள் தன் தாத்தாவின் வீட்டில் விரலை வைத்தபடி இருந்தாள். பிறகு கொல்லன் பட்டறைக்குப் பக்கத்தில் காட்டி, இது என்ன என்று கேட்டாள்.

ஒரு கிணறு. மேலே தண்ணீர் அள்ளும் நீளமான துலா. கீறியதே எனக்கு ஞாபகமில்லை. எங்கள் ஊரில் பட்டறைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு துலாக் கிணறு இருந்தது. அங்கேயும் இருந்ததா? கொப்பியில் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எனக்கு நிச்சயமில்லை, இதை விட்டுவிடுங்கள் என்றேன். தலையாட்டினாள், தாளைச் சுருட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

போன கோடையில் பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். யாரோ ஓவியர் என் கிறுக்கலை அழகாகத் திரும்ப வரைந்திருக்கிறார். கிணறும் துலாவும் அப்படியே நிற்கின்றன. அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர், ஓம், அங்கே கிணறு இருந்தது, சின்ன வயதில் நான் அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னாராம். அதனால் அப்படியே வைத்துவிட்டோம் என்று எழுதியிருந்தாள்.

அவர் எந்தக் கிணற்றில் குடித்தாரோ. அது எங்கள் ஊர்க் கிணறு. எனக்கு இப்போது நிச்சயம். எங்கள் பக்கத்துக் காணிகளை ராணுவம் எடுத்து, வருடக்கணக்கில் வைத்திருந்து, பிறகு விட்டது. போய்ப் பார்த்த ஒரு உறவுக்காரப் பெடியன் போனில் வீடியோ எடுத்து அனுப்பினான். வீடு இல்லை, வேலி இல்லை, பனை இல்லை. எல்லாவற்றையும் புல்டோசர் போட்டு மட்டமாக்கியிருந்தார்கள். கிணறு இருந்த இடம் எது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டும். இது பிழை, அழித்துவிடுங்கள் என்று இரண்டு வரி போதும். மூன்று தடவை தொடங்கினேன். எழுதினால் அவர்கள் அழித்துவிடுவார்கள். ஒழுங்கான ஆட்கள். பிறகு அது அங்கேயும் இருக்காது.